நானூற்றுப் பதினோரு பெயர்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், உன் மனைவி, அவள் மடியில் உன் மகள், எதிர்வீட்டுத் தையல்காரம்மா, உன் முகாமில் லாரி ஓட்டுபவனின் அம்மா, அந்த அம்மாவின் நர்ஸ் மருமகள், நாம் ஒலிபெருக்கி என்று கூப்பிடும் மூன்றாவது மாடிக்காரி, மருந்துக்கடைக்காரரின் தங்கைகள் இரண்டு பேர். குழந்தையோடு சேர்த்து ஒன்பது. என் வீட்டுக்காரர், உன் மாமா, சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அவரை நான் சேர்க்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இத்தனை பேரையும் எதற்கு எழுதுகிறேன் என்றால், நீ கோபப்படுவாய். யார் யார் மேல் கோபப்பட வேண்டும் என்று உனக்குச் சரியாகத் தெரிந்திருக்கட்டும்.

நாங்கள் ஒரு மனு எழுதியிருக்கிறோம். அக்டோபரில் திரும்பப்போகும் உங்கள் படையை ஏப்ரல் முடிவதற்குள் திருப்பி அழைக்க வேண்டும் என்று. வாசகம் என்னுடையது. நான் ஐந்தாவதோடு நின்றவள், மீதியெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் படித்தது. அதனால் இரண்டு நாள் பிடித்தது. முதல் கையெழுத்து தையல்காரம்மாவுடையது. அவளுடைய பெரியவன் ஜனவரியில் பெட்டியில் வந்தான். சின்னவன் இன்னும் உங்களோடுதான் இருக்கிறான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது போதுமா, கைநாட்டும் வைக்கணுமா?" என்று கேட்டாள். தெருத்தெருவாகப் போய் வாங்கியதையும் சேர்த்து எழுபத்திரண்டு கையெழுத்து. நாளை அனுப்புகிறோம். இதே மாதிரி மனுக்கள் எல்லா ஊரிலிருந்தும் போகின்றனவாம்.

மாமா போடவில்லை. "பிள்ளைங்க வரணும்னு எழுது, நூறு கையெழுத்து போடறேன். எந்தத் தேதின்னு நீ எப்படிடி சொல்லுவ? அது சண்டை. பஸ் இல்ல" என்றார். ஒலிபெருக்கி சும்மா இருப்பாளா? "அண்ணே, உங்களுக்குக் கையெழுத்து வராதுன்னா அதைச் சொல்லிட்டுப் போங்களேன்!" என்றாள். அவர் தேநீரில் சர்க்கரை போட மறந்துவிட்டார்.

முகாம் வாசலில் நீ எழுதும் பதிவேட்டை அதிகாரி மெச்சினார் என்று எழுதியிருந்தாயே, சந்தோஷம். நான் சொன்னபடி வேலையாட்களின் வீட்டுக்கு வழியும் சேர்த்து எழுதுகிறாய்தானே? கடவுள் உன்னைக் காக்கட்டும். காலையிலும் மாலையிலும் உன் பெயரைச் சொல்லித்தான் பிரார்த்தனையை முடிக்கிறேன்.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

கோபம்தான். ஒன்பது பேர் மேல் படுவதற்கு நேரமில்லை. மொத்தத்தையும் உன் மேலேயே பட்டுவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது மலையடிவாரத்தில். முகாமுக்கும் ஊருக்கும் நடுவில் ஆறு, அதன்மேல் ஒரே ஒரு பாலம். சுடுகிறவர்கள் மலைக்கு அந்தப் பக்கம். ஊர்க்காரர்கள் நானூற்றுப் பதினோரு பேர் எங்களிடம் வேலை செய்கிறார்கள்: சமையல், சலவை, முடிவெட்டு, சாலை, மொழிபெயர்ப்பு. ஒவ்வொருவர் பெயரையும் காலையில் வாசலில் பதிவது என் வேலை. இங்கே பத்து ஆளில் நாலு பேருக்கு ஒரே பெயர். முன்பெல்லாம் தேடப்படுகிறவன் பெயரும் சலவைக்காரன் பெயரும் ஒன்றாக இருந்ததால் பாவம் சலவைக்காரன் இரண்டு நாள் அடைபட்டுக் கிடந்தான். நீ சொன்ன பிறகுதான் அப்பா பெயர், புகைப்படம், வீட்டுக்கு வழி எல்லாம் எழுத ஆரம்பித்தேன். "தண்ணீர்த் தொட்டியிலிருந்து வலப்பக்கம் மூன்றாவது கதவு, பச்சை" என்று. அதற்கப்புறம் ஒருவனும் தவறாக மாட்டவில்லை. உன் முறைக்கு இங்கே நல்ல பெயர்.

மொழிபெயர்ப்பாளரை நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடுவோம். பூகோள வாத்தியார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலில் தொங்குகிறது. நம் மொழியை வானொலி கேட்டுக் கற்றவர், அதனால் செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுவார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, தங்கள் சகோதரி எங்கள் ஊருக்குத் தபால்காரராக வரலாம். இருக்கிறவருக்கு இவ்வளவு வீடுகள் தெரியாது" என்றார்.

அக்கா, உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அரிசி பாதி வெந்திருக்கும்போது அடுப்பை அணைத்தால் என்ன ஆகும்? பசிக்கும் உதவாது, மறுபடி உலை வைக்கவும் உதவாது. ஊர்க் காவலுக்கு அறுநூறு பேர் வேண்டும், முந்நூறு பேர்தான் பழகியிருக்கிறார்கள். செப்டம்பரில் மீதிப் பேர் தயாராவார்கள். அக்டோபர் என்று யாரோ சும்மா சொல்லவில்லை. இப்போதே தேதி சொல்லிவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சுடவே வேண்டாம். உட்கார்ந்திருந்தால் போதும்.

எனக்கும் வீட்டுக்கு வர ஆசைதான். குழந்தைக்குப் பல் முளைத்ததை நான் கடிதத்தில்தானே படித்தேன்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். தேநீருக்குச் சர்க்கரையை நீயே போட்டுக் கொடு.

தம்பி

மார்ச் 25

தம்பிக்கு,

அறிவித்துவிட்டார்கள்! ஏப்ரல் முப்பதுக்குள் எல்லோரும் வீட்டில். வானொலியில் சொன்னபோது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஓட்டுநரின் அம்மா நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதாள், பின்னால் வந்த வண்டிக்காரன் ஒலி எழுப்பாமல் காத்திருந்தான். உன் மனைவி உன் சட்டைகளையெல்லாம் எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அடுப்பைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாயா? சரி, நானும் ஒன்று கேட்கிறேன். இப்போதிலிருந்து அக்டோபர் வரைக்கும் ஆறு மாதம். போன ஆறு மாதத்தில் நம் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் மூன்று பெட்டி வந்தது. உன் அரிசி வேகும்வரை இன்னும் எத்தனை பெட்டி என்று அந்தத் தையல்காரம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. சொன்னால் என் கையெழுத்தை அடித்துவிடுகிறேன்.

உன் கண்ணாடிக்காரர் நல்லவராக இருக்கட்டும். அவர் அவர் ஊரில் இருக்கிறார். நீ யார் ஊரிலோ இருக்கிறாய்.

கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. எழுதினதை அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. முதல் தொகுதியில் வருவாயா, கடைசித் தொகுதியிலா? அதை மட்டும் எழுது.

அக்கா

ஏப்ரல் 3

அக்கா,

கடைசித் தொகுதி.

முதலில் பீரங்கிகள் போயின. பிறகு டாக்டர்கள், பிறகு பாலத்தைக் காத்த பிரிவு. தையல்காரம்மாவின் சின்னவன் அவர்களோடு கிளம்பிவிட்டான், அந்த அம்மாவிடம் சொல்லிவிடு. ஆயிரத்து எண்ணூறு பேர் இருந்த இடத்தில் இருநூறு பேர் இருக்கிறோம். மூட்டை கட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்புகிறவர்களுக்குத்தான் பாதுகாப்பு கடைசிவரை வேண்டும். அதைத்தான் முதலில் அனுப்பிவிட்டார்கள். கேட்டால், தேதி நெருங்குகிறது என்கிறார்கள்.

ஊர் மாறிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பழக்கடைக்காரர் தினமும் எங்கள் வாசலைப் பார்த்து வண்டியை நிறுத்துவார். இப்போது வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முடிவெட்டுகிறவர் திங்கட்கிழமை வரவில்லை. அவர் கடையில் இருந்த எங்கள் படைக் காலண்டரைக் கழற்றிவிட்டார், சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் இருக்கிறது. போன வாரம் வேலைக்கு நானூற்றுப் பதினோரு பேர். புதன்கிழமை முந்நூற்றுச் சொச்சம். இன்று நூற்று நாற்பது. வந்தவர்களும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வருகிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 24-ஆம் தேதி முகாமை ஊர் நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். கட்டில், ஜெனரேட்டர், சாவி, பதிவேடுகள், எல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு. விதி அப்படி. கண்ணாடி நேற்று என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். முதல் முறையாகச் செய்தி வாசிக்காமல் பேசினார்: "அந்தப் புத்தகத்தைக் கொளுத்திடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், கொளுத்திடுங்க." அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

அதிகாரியிடம் கேட்டேன். "அரசாங்கப் பதிவேட்டை எரிச்சா உனக்குக் கோர்ட்டுதான். நாம ஒப்படைக்கறது அவங்க அரசாங்கத்துக்கு, எதிரிக்கு இல்ல" என்றார். அதுவும் சரிதானே? ஆனால் அந்த நிர்வாகம் நாங்கள் போன பிறகு எத்தனை நாள் நிற்கும் என்று அவருக்கும் தெரியாது.

பதினெட்டு வயதிலிருந்து கணக்கில் எனக்குச் சந்தேகம் வந்தால் உன்னைத்தான் கேட்டிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

தம்பி

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலை பத்தரைக்கு வந்தது. மதியம் சமைக்கவில்லை. சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து கடவுளைக் கேட்டேன். பதில் கிடைத்தது, அதை எழுதுகிறேன்.

எரிக்காதே.

நம் பேட்டைப் பெண்கள் கூட்டுறவுக் கடை உனக்கு ஞாபகம் இருக்கும். நான் எட்டு வருஷம் அங்கே கணக்குப் புத்தகம் எழுதினேன். செயலாளர் ஒரு நாள் எல்லாவற்றையும் கொளுத்தினார். விபத்து என்றார். அதற்குப் பிறகு அறுபது பெண்கள் அங்கே வேலை செய்ததாக நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வேலை செய்தவர்கள் பொய் சொல்கிறவர்கள் ஆனார்கள், எரித்தவர் பதவியில் இருந்தார். புத்தகத்தை எரிக்கிறவன் எப்போதும் பலசாலி. அதில் பெயர் இருக்கிறவன்தான் ஏழை.

அந்த நானூற்றுப் பதினோரு பேர் நாளைக்கு யாரிடமாவது போய், "நான் உங்களுக்காக உழைத்தேன், என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்க வேண்டிவந்தால் கையில் என்ன இருக்கும்? அந்தப் புத்தகம்தான். கண்ணாடிக்காரர் பயத்தில் பேசுகிறார். பயத்தில் எடுக்கிற முடிவு கணக்கில் சேராது. கேட்டு, எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படை. நகல் ரசீது வாங்க மறக்காதே.

மாமாவிடம் கேட்டேன். "தெரியல" என்றார். தெரியவில்லை என்று சொல்கிறவரிடம் என்ன கேட்பது?

இதை அவசரத் தபாலில் போடுகிறேன். 24-க்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, தாராளமாக வந்து சேரும். குழந்தை நடக்கிறாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் போலவே இடது காலை முதலில் வைத்து.

அக்கா

ஏப்ரல் 20, துறைமுக முகாம்

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை என் மனைவியிடம் சொல்.

24 என்று சொன்னதை 18 ஆக்கிவிட்டார்கள். 17 மாலை உத்தரவு வந்தது, 18 காலை பத்து மணிக்கு ஒப்படைப்பு. ஊர் நிர்வாகத்திலிருந்து வந்தவர் ஒன்றையும் எண்ணவில்லை. கட்டில் நூற்றி இருபது என்றால் தலையாட்டினார். ஜெனரேட்டர் என்றால் தலையாட்டினார். பதிவேட்டை மட்டும் கையில் வாங்கி, ஒரு பக்கத்தைத் திறந்து, அந்தப் புகைப்படங்களைப் பார்த்தார். "ரொம்பச் சுத்தமா எழுதியிருக்கீங்க" என்று கண்ணாடியின் மூலமாகச் சொன்னார். அதை மொழிபெயர்க்க வேண்டியவரும் கண்ணாடிதான். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது நிர்வாகத்திலிருந்து வந்தவருடைய வண்டியைப் பார்த்தேன். பின்சீட்டில் பெட்டி படுக்கையெல்லாம் கட்டி வைத்திருந்தது.

கண்ணாடிக்கும் குடும்பத்துக்கும் கப்பலில் இடம் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தது. மூலப் பதிவேட்டின் பக்கத்தைச் சான்றோடு இணைக்க வேண்டுமாம். மூலப் பதிவேடு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

நாங்கள் கடைசி லாரிகளில் வந்தோம். பாலத்தில் காவல் இல்லை. நடுப்பாலத்தில் மலையிலிருந்து சுட்டார்கள். லாரி ஓட்டுபவனுக்குத் தோளில் பட்டது, பிழைத்துக்கொள்வான். அவன் ஒரு கையாலேயே ஓட்டிக் கரை சேர்த்தான். மூன்றாவது லாரியில் இருந்தவர்களைப் பற்றி இப்போது எழுதவில்லை.

கிளம்பும்போது கண்ணாடி முகாம் வாசல்வரை வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வணக்கம். செய்திகள் முடிவடைந்தன" என்றார்.

தம்பி

ஏப்ரல் 30, துறைமுக முகாம்

அக்கா,

ஊர் நிர்வாகம் நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் யாரும் சுடவில்லை. மலையிலிருந்து இறங்கி, பாலத்தில் நடந்து, உள்ளே வந்துவிட்டார்கள்.

கண்ணாடி மூன்று முறை இங்கே துறைமுக முகாம் போனுக்குப் பேசினார். முதல் முறை, அவர்கள் எங்கள் பழைய முகாம் அலுவலகத்தைத் திறந்துவிட்டார்கள் என்றார். இரண்டாம் முறை சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவர்கள் யாரையும் அடித்து விசாரிக்கவில்லையாம், வழியில் யாரையும் கேட்கவில்லையாம். ஒருவன் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே முன்னால் நடக்கிறான், மற்றவர்கள் பின்னால் போகிறார்கள். தண்ணீர்த் தொட்டி, வலப்பக்கம், மூன்றாவது கதவு. பச்சை. முதல் பக்கத்திலிருந்து வரிசையாக. பெயர் ஒன்றாக இருக்கிற ஆளை விட்டுவிடுகிறார்கள், புகைப்படத்தைப் பார்த்து. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்.

சலவைக்காரர் இரண்டாம் பக்கம். முடிவெட்டுகிறவர் நான்காம் பக்கம்.

கண்ணாடி பதினோராம் பக்கம். மூன்றாம் முறை பேசும்போது அவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "என் வீட்டுக்கு வழி எப்படி எழுதியிருந்தீங்க? ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது, சொன்னேன். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு இணைப்பு இல்லை. அன்றைக்கு அவர்கள் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தார்கள். அது நடந்து நான்கு நாள் ஆகிறது.

எங்களுக்குக் கப்பல் எப்போது என்று தெரியாது. இந்தத் துறைமுகத்திலும் கடைக்காரர்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

தம்பி

மே 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. முதலில் வந்திருக்க வேண்டியதை இரண்டாவதாகப் படித்தேன். உன் மனைவிக்கு நீ உயிரோடு இருக்கிற பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். மீதியை அவளே எடுத்துப் படித்துவிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

நான் அழுதுகொண்டு உட்காரவில்லை. இன்னொரு மனு எழுதினேன். மூலப் பக்கம் கேட்காமல், உங்களைப் போன்ற எழுத்தர்களின் வாக்குமூலத்தை வைத்தே அந்த மக்களுக்குக் கப்பலில் இடம் கொடுக்க வேண்டும் என்று. போன தடவை கையெழுத்துப் போட்ட எழுபத்திரண்டு பேர் வீட்டுக்கும் போனேன். ஆறு நாள் ஆனது. ஒன்பது பேர் போட்டார்கள். மாமாவைச் சேர்த்தால் பத்து. இந்தத் தடவை அவர் கேட்காமலே பேனாவை வாங்கிப் போட்டார்.

ஒலிபெருக்கி கதவை முழுதாகத் திறக்கவில்லை. "அவங்க சண்டை அவங்களுக்கு, நம்மளை விடுங்கக்கா" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. தையல்காரம்மா உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். உள்ளே சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். "என் பிள்ளை வந்துட்டான். நீ எழுதின மனுவாலதான் வந்தான், உன்னை நான் சாமியா நினைக்கறேன். ஆனா இதுல போடமாட்டேன். அவங்களைக் கூட்டிட்டு வர இன்னொருத்தி பிள்ளை போகணும். அது உன் தம்பியாவும் இருக்கலாம், தெரியுதா?" என்றாள். தெரிகிறது என்றுதான் சொன்னேன். அவள் சொன்னதில் எந்த வரியில் தப்பு என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அவள் பிள்ளை தூங்குகிற சத்தம் வாசல்வரை கேட்டது. அந்தச் சத்தம் வேண்டும் என்றுதான் நான் முதல் மனுவை எழுதினேன். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் எழுதாமல் இருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா சொன்ன அதே "தெரியல".

பத்துப் பெயரோடு அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ எழுதிய இரண்டு கடிதத்திலும் என் ஏப்ரல் 12 கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வந்தது என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. என் கடிதம் எதற்கும் நீ அப்படிச் செய்ததில்லை. தபால் நிலையத்தில் போய்க் கேட்டேன். அவசரத் தபால் ஐந்து நாளிலும் போகும், எட்டு நாளிலும் போகும் என்றார்கள். ஐந்து என்றால் 17. எட்டு என்றால் 20. நீ பதிவேட்டைக் கொடுத்தது 18.

அன்றைக்கு அலமாரி முன்னால் உட்கார்ந்து கேட்டேன், பதில் கிடைத்தது என்று எழுதினேன் இல்லையா? அது என் குரலாகவே இருந்திருக்கலாம். நான் கூட்டுறவுக் கடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாலத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. இப்போது பிரார்த்தனையில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்பது மட்டும்தான் வருகிறது. நானூற்றுப் பதினோரு பேர், பக்கத்துக்கு எட்டு என்றால் ஐம்பத்திரண்டு பக்கம். இன்றைக்கு எத்தனையாவது பக்கம் என்று எனக்குத் தெரியும். கூட்டாமல் இருக்க முடியவில்லை.

நீ நல்லவன், எனக்காகப் பொய் சொல்வாய். சொல்லாதே. என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று எழுதாமல் விட்டிருந்தால், அதுவும் பொய்தான்.

என் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு கொடுத்தாயா, வருவதற்கு முன்பே கொடுத்தாயா? வேறொன்றும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு.

அக்கா